முதலில் ஹெட்டைக் கழற்றுங்கள்

பழைய ஜீப்புக்குப் பெரிய என்ஜின் இறக்கும் மோகம் தஞ்சாவூர்ப் பக்கமும் வந்துவிட்டது. யூனியன் ஆபீஸ் ஏலத்தில் எடுத்ததோ, பொதுப்பணித் துறை கழித்துக்கட்டியதோ, மாட்டுக்கொட்டகை ஓரம் கிடந்த வண்டியை வெளியே இழுக்கிறார்கள். விபத்தில் நொறுங்கிய ஸ்கார்ப்பியோவின் என்ஜினைச் சென்னை புதுப்பேட்டையில் பிடித்துக்கொண்டு வந்து அதில் உட்கார வைக்கிறார்கள். அடுத்த முகூர்த்தத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த ஜீப்தான் முன்னால் போகிறது. காயலான் கடைக்குப் போக வேண்டிய இரண்டு வண்டிகளிலிருந்து ஒன்றைப் பிழைக்க வைத்தோம், கம்பெனி கொடுத்ததைவிட வலுவாகவே கொடுத்தோம் என்பது இதை ஆதரிப்போரின் வாதம். பிழைக்க வைத்தது உண்மை. வலுவாகக் கொடுத்தோம் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

என்ஜின் மாற்றுவதே தவறு என்று சொல்ல வரவில்லை. வில்லிஸ் வழிவந்த ஜீப்பின் பெட்ரோல் என்ஜின் 2,199 சி.சி.; சுமார் 75 குதிரைத்திறன். இன்டர்நேஷனல் பி-275 டிராக்டரின் டீசல் என்ஜினை ஜீப்பில் வைத்துக் காட்டியது மகிந்திராவேதான். பிறகு 2,112 சி.சி. பெஜோ டீசல் வந்தது. அதற்குப் பின் 2,523 சி.சி. என்ஜின். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாத மிராசுதாருக்கு நம் மெக்கானிக்குகளும் அதையே செய்து கொடுத்தார்கள். டிராக்டருக்கு வேலை பார்க்கிற ஆளே ஜீப்புக்கும் போதும் என்பது நல்ல கணக்கு. மவுண்டிங்கை வெட்டி வெல்டிங் வைப்பதிலும், கியர் பாக்ஸுக்கு ஏற்ப அடாப்டர் பிளேட் கடைவதிலும் கைதேர்ந்தவர்கள் இந்த ஊர்ப் பட்டறைகளில் உண்டு. அவர்கள் கைவேலையில் எனக்குக் குறை இல்லை.

சட்டம் வேறு விஷயம். தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இது ஒன்றே போதும். தெரிந்தேதான் செய்கிறார்கள் என்பதால் இதோடு விடுகிறேன். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் ஸ்கார்ப்பியோ வேகம் வைப்பதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

என் மறுப்பு நெடுநாளையது. என்ஜினை அளக்காமல் வாங்குகிறார்கள். அளக்காமலே அதன் மேல் சுமையையும் ஏற்றுகிறார்கள்.

வாங்கும் இடத்தில் நடப்பது இதுதான். என்ஜின் ஒரு சட்டத்தில் நிற்கும். டீசலால் கழுவி, பிளாக்குக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்திருக்கும். பேட்டரியை மாட்டி ஒரு சுற்று; பிடித்துக்கொள்ளும். ‘சத்தமே இல்லை பாருங்க’ என்பார் விற்கிறவர். வந்தவர் தலையாட்டுவார், பேரம் முடியும். ஆள் வருவதற்குள் அந்த என்ஜினை ஓட்டிச் சூடேற்றி வைத்தார்களா என்று பிளாக்கைத் தொட்டுப் பார்க்கக்கூட யாருக்கும் தோன்றாது. தேய்ந்த டீசல் என்ஜினும் சூட்டில் சமர்த்தாகப் பிடித்துக்கொள்ளும். விடியற்காலைக் குளிரில்தான் அதன் வண்டவாளம் தெரியும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா, அதாவது ரிங்கைத் தாண்டி இறங்கிய அழுத்தம் மேலே வருகிறதா என்று பார்ப்பவர் இருந்தால் அவரே பெரிய மெக்கானிக் என்று பெயர் வாங்கிவிடுகிறார். அதுவும் கண்ணால் பார்ப்பதுதான், அளவு ஆகாது.

அளவு என்றால் என்ன? இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜை வைத்து, நாலு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் குறித்துக்கொள்வது முதல் படி. ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அங்கே ஏதோ சரியில்லை. அடுத்து ஹெட்டைக் கழற்ற வேண்டும். சிலிண்டர் சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் அதிகம் தேயும். அதனால் சிலிண்டரின் உள்விட்டத்தை, அதாவது போரை, அளக்கும் போர் கேஜை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில், இரண்டு திசையில் வைத்துப் பார்த்தால்தான் போர் கூம்பியிருக்கிறதா, முட்டை வடிவமாகியிருக்கிறதா என்பது தெரியும். சம்ப்பை இறக்கி ஒரு பேரிங் ஷெல்லைக் கழற்றினால் அதன் முதுகிலேயே சரித்திரம் எழுதியிருக்கும்: ‘ஸ்டாண்டர்டு’ என்று இருந்தால் கிராங்க் இன்னும் கல்லில் ஏறவில்லை, 0.25, 0.50 என்று இருந்தால் அந்த அளவுக்குக் கடைந்தாகிவிட்டது. ஹெட்டில் விரிசல் இருக்கிறதா, தளம் வளைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஒரு நல்ல லேத் பட்டறையில் அரை நாள் வேலை.

கடலோரத்திலிருந்து வரும் என்ஜினுக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டியில், தண்ணீர் ஓடும் வழியெல்லாம் துருவும் படிமமும் அடைத்திருக்கும். வெளியே அடித்த வெள்ளிப் பெயின்ட் இதைச் சொல்லாது.

நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பினால் சாலை மறியல் வரைக்கும் போகிற ஊர் இது. ஒரு சதவீதத்தின் விலை என்ன என்று இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதே ஆட்கள் என்ஜினை மட்டும் காதால் கேட்டு வாங்குகிறார்கள்.

வாங்கியதோடு நிற்பதில்லை என்பதுதான் கொடுமை. பழைய டீசல் என்றால் பம்ப் ஸ்க்ரூவைத் திருப்பி டீசலைக் கூட்டுவார்கள். டர்போ இல்லாமல் பிறந்த என்ஜினுக்கு வேறு வண்டியின் டர்போவை மாட்டுவார்கள். புது ரகம் என்றால் கம்ப்யூட்டர் பெட்டியை ரீமேப் செய்வார்கள். 2002-இல் வந்த முதல் ஸ்கார்ப்பியோவின் 2,609 சி.சி. என்ஜினுக்கே 109 குதிரைத்திறன், அது போதவில்லையாம். டீசல் கூடினால் சூடு கூடும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டியவை பிஸ்டன் தலையும் ரிங்கும் ஹெட் கேஸ்கெட்டும். ரிங் தேய்ந்த என்ஜினில் அழுத்தம் கீழே இறங்கி ஆயிலை வெளியே தள்ளும். அந்த ஆயிலும் சேர்ந்து எரியும். பின்னால் வருகிற கரும்புகையைப் பார்த்து ‘பவர்’ என்று கைதட்டுகிறோம். அது எரியாமல் போன டீசல், காசு கொடுத்து வாங்கிய டீசல்.

அமெரிக்காவில் இதே பைத்தியம் இன்னும் பெரிது. 7.4 லிட்டர் ஷெவர்லே வி-8 என்ஜினைச் சின்னக் காருக்குள் திணிக்கிறார்கள். ஆனால் அங்கே விஷயம் தெரிந்தவர்கள் பிளாக்கில் வார்த்திருக்கும் எண்ணைப் படித்து எந்த வருஷத்து வார்ப்பு என்று தேடுகிறார்கள், காந்தப் பொடி தூவி விரிசல் பார்க்கிறார்கள், போரை அளக்கிறார்கள். கேம்ஷாஃப்ட், ஹெட் என்று காசைக் கொட்டுவது அதற்குப் பிறகு. நாம் கடன் வாங்கியது கடைசிப் படியை மட்டும்.

மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அகல டயருக்கும், எல்.இ.டி. விளக்குக்கும், பாட்டுப் பெட்டிக்கும் யோசிக்காமல் நீட்டுகிற கை, போர் அளக்கக் கூலி கேட்டால் மடங்கிக்கொள்கிறது. ‘ஓடுதுல்ல, அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்’ என்று கேட்கிற சொந்தக்காரரிடம் எந்த மெக்கானிக் வாதாடுவார்? ஆனால் கேஜே இல்லாமல் என்ஜின் மாற்றித் தருகிறேன் என்று பலகை மாட்டுகிறவரை மெக்கானிக் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடுமை என்றால் இருக்கட்டும். இவ்வளவு பவரைத் தேடுகிறோமே, இத்தனைக்கும் வல்லத்து மேட்டை விட்டால், கல்லணையிலிருந்து பூம்புகார் வரை இந்த வண்டி ஏற வேண்டிய மலை எதுவும் இல்லை.

என்ஜின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹெட்டைக் கழற்ற விற்கிறவர் சம்மதிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சம்மதித்தால், லேத் பட்டறையில் அளவுகளைத் தாளில் எழுதி வாங்குங்கள். போர் எல்லை தாண்டியிருந்தால் லைனர், பிஸ்டன், பேரிங் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். டர்போ பேச்சை அந்த என்ஜின் ஒரு வருஷம் ஆயில் குடிக்காமல் ஓடிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.