இரவல் பிள்ளைகளும் ஒரு பேய்ப்படமும்

நண்பர்கள் கூடிய ஒரு சந்திப்பின் மதிய இடைவேளையில் கதை திரைப்படங்களின் பக்கம் திரும்பியது. அண்மையில் பார்த்த நல்ல படம் எது என்று ஒருவர் மேசையைச் சுற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். தார்க்கோவ்ஸ்கி, கியரஸ்தமி, நூரி பில்கே செய்லான் என்று பெயர்கள் விழுந்துகொண்டிருந்தன. என்னுடைய முறை வந்தபோது ‘ஒரு பேய்ப்படம்’ என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். “சேர், இரவுவேலை செய்து செய்து உங்களுக்கு மண்டை கழண்டிட்டுது” என்றார் ஒருவர். ஊரில் என்னுடைய விரிவுரைகளுக்கு வந்து கடைசி வாங்கிலில் இருந்தவர். அந்த உரிமை அவருக்கு உண்டு. பதில் சொல்வதற்குள் அடுத்த அமர்வு தொடங்கிவிட்டது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையை மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் மூன்று படங்கள் பார்த்தேன். ஜாக் ஓதியாரின் ‘தீபன்’ (2015), இரண்டாம் முறையாக. ரெமி வீக்ஸ் என்ற பிரித்தானிய இயக்குநரின் முதலாவது முழுநீளப் படமான ‘ஹிஸ் ஹவுஸ்’ (2020). ‘அவனுடைய வீடு’ என்று சொல்லலாம். பாஸ்பிண்டரின் ‘பயம் ஆன்மாவைத் தின்னும்’ (1974). முதலாவது கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. இரண்டாவதை நெற்பிளிக்ஸ் பேய் பிசாசுப் படங்களின் தட்டில் அடுக்கி வைத்திருக்கிறது. மூன்றாவது திரைப்படக் கழகங்களில் வணங்கப்படுவது. தட்டைப் பார்த்துப் புள்ளி போடும் பழக்கம் எங்களுக்கு ஊரிலிருந்தே உண்டு. விரிவுரையாளனாக இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் புள்ளி போட்டேன்.

‘தீபன்’ வெளிவந்த காலத்தில் நாம் அதைப் பற்றி நிறையச் சண்டை பிடித்தோம். எம்மிடையே எழுதிக்கொண்டிருந்த ஷோபாசக்தி பிரதான பாத்திரத்தில் நடித்த படம், பெரும்பகுதி தமிழில் பேசும் படம், கானில் முதற்பரிசு பெற்றது என்பதே சிலருக்குப் போதுமானதாயிருந்தது. போராளியை இப்படிக் காட்டலாமா என்று சிலர் கேட்டார்கள். பாரிஸின் புறநகர்க் குடியிருப்பைக் களமுனையாக்கி வெள்ளை மனத்தின் அச்சத்துக்குத் தீனி போடுகிறது என்று இன்னும் சிலர் சொன்னார்கள். நான் மூன்றாவது அணியில் நின்றேன். அந்தக் குற்றச்சாட்டில் நியாயமுண்டு என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த விவாதங்கள் யாவும் எங்களை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பதைப் பற்றியவையே. நான் இருந்த மேசைகளில் அந்தச் சிறுமியைப் பற்றி எவரும் கதைக்கவில்லை.

முகாமில் யாழினி பிள்ளை தேடித் திரிகிறாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை இருக்கிறதா என்று விசாரிக்கிறாள். ஒன்பது வயது இளையாள் அகப்படுகிறாள். செத்துப்போன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளுக்குள் மூன்று அந்நியர்கள் புகுந்துகொள்கிறார்கள். படத்தின் முதல் ஒரு மணித்தியாலத்தில் இந்தப் பொய்க் குடும்பத்தை ஓதியார் கவனித்துப் பார்க்கிறார். மற்றப் பிள்ளைகளின் தாய்மார் செய்வதுபோல் தன்னையும் கொஞ்சிவிட்டுப் போகும்படி அந்தப் பிள்ளை யாழினியிடம் கேட்கும் இடம் ஒன்று போதும், இந்த மனிதருக்குப் படமெடுக்கத் தெரியும் என்று சொல்ல. தீபனுக்குப் பகிடி விளங்காது என்று யாழினி சொல்லும் இடத்தில் நான் இரண்டாம் முறையும் சிரித்தேன்.

பிறகு தீபன் குடியிருப்பின் முற்றத்தில் வெள்ளைக் கோடு போடுகிறான், இது சூடு நடத்தாத வலயம் என்று. பிறகு படிக்கட்டு. கத்தியும் துவக்கும் புகையும். கமெரா அவனுடைய உடம்போடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறுகிறது. அடுத்து இங்கிலாந்தில் ஒரு பச்சைப் பசேலென்ற வளவு, கைக்குழந்தை, தலையைத் தடவும் ஒரு கை. மொண்டெஸ்கியூவின் ‘பாரசீகக் கடிதங்க’ளையும் பெக்கின்பாவின் ‘ஸ்ட்ரோ டோக்ஸ்’ படத்தையும் மனதில் வைத்துத் தொடங்கியதாக ஓதியார் சொல்லியிருக்கிறார். முதலாவது பாதிவழியில் இறங்கிவிட, இரண்டாவது வண்டியை ஓட்டியிருக்கிறது. இளையாளோ பிற்பாதியில் மெல்ல மெல்லப் படத்தின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறாள்.

வன்முறை எனக்குப் பிரச்சினையில்லை. தீபனுடைய கடந்தகாலம் அந்தப் படிக்கட்டில் அவனுக்குக் கைகொடுக்கும் ஒரு திறமையாகத் திரும்பி வருகிறது என்பதுதான் என்னை உறுத்துவது. ஊரில் கற்றதை இங்கே ஒருமுறை பாவித்துவிட்டு அதைக் கழற்றி வைத்துவிட்டு லண்டனுக்குப் போகிறான். செத்தவர்கள் அவனுக்குப் பின்னால் வரவில்லை.

இனிப் பேய்ப்படம். தென்சூடானிலிருந்து தப்பிவந்த ஒரு கணவனும் மனைவியும். கடலில் மகளைப் பறிகொடுத்தவர்கள். தடுப்பிலிருந்து விட்டு, இங்கிலாந்தின் ஏதோவொரு குடியிருப்பில் வீடு கொடுக்கிறார்கள். கதவு கழன்று விழுகிறது, சுவர்த்தாள் உரிந்து தொங்குகிறது. இந்த வீட்டை விட்டு வேறெங்கும் போகக்கூடாது, வேலை செய்யக்கூடாது என்பது நிபந்தனை. இந்த வீடு என்னுடைய வீட்டைவிடப் பெரிது என்கிறார் பொறுப்பான அலுவலர். நல்ல அகதிகளாக இருங்கள் என்று புத்தியும் சொல்கிறார். கெட்ட மனிதரல்ல, களைத்த மனிதர். இப்படியானவர்களின் மேசைக்கு முன்னால் நாம் எத்தனை தடவை இருந்திருக்கிறோம்.

கணவன் நல்ல அகதியாகிறான். கடையில் தொங்கும் விளம்பரப் படத்திலுள்ள ஆளைப் பார்த்து அதே உடுப்பை வாங்குகிறான். நிலத்திலிருந்து கையால் சாப்பிடும் மனைவி ரியாலை மேசைக்கும் முள்ளுக்கரண்டிக்கும் பழக்கப் பார்க்கிறான். அவளோ வெளியே போனால் ஒரே மாதிரியான ஒழுங்கைகளுக்குள் வழி தவறுகிறாள். கறுப்பு இளைஞர்களைக் கண்டதும் நம்பி வழி கேட்கிறாள். அவர்கள் அவளுடைய ஆங்கிலத்தைப் பழித்து, ஆபிரிக்காவுக்குத் திரும்பிப் போ என்கிறார்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்தக் காட்சியை எந்தக் ‘கலைப்பட’த்தில் வைத்திருந்தாலும் நாம் நாலு பக்கம் எழுதியிருப்போம்.

இரவில் சுவருக்குள் யாரோ நடமாடுகிறார்கள். ரியாலுக்கு அது யாரென்று தெரியும். அவளுடைய ஊரில் ஒரு ஏழை, சொந்த வீடு கட்டுவதற்காகக் களவெடுத்தானாம். அவன் களவெடுத்தது ஒரு சூனியக்காரனிடம் என்பது அவனுக்குத் தெரியாது. வீடு கட்டி முடிந்ததும் சூனியக்காரன் அந்தச் சுவர்களுக்குள் குடிவந்துவிட்டான். அபெத் என்பது அவனுக்குப் பெயர். அந்த அபெத்தான் தங்களோடு கடல் தாண்டி வந்திருக்கிறது என்கிறாள். அப்படியானால் இவர்கள் எதைக் களவெடுத்தார்கள்?

(இனி வருவது படத்தின் முடிச்சு. பார்க்க விரும்புபவர்கள் பார்த்துவிட்டு வாசிக்கலாம்.) கொலைகாரர்கள் நெருங்கிவிட்டார்கள், கடைசி பஸ் நிற்கிறது, பிள்ளைகளோடு வருபவர்களை மட்டும் ஏற்றுகிறார்கள். இவர்களுக்குப் பிள்ளையில்லை. கணவன் சனத்துக்குள் நிற்கும் ஒரு சிறுமியை இழுத்து, இவள் என் மகள் என்கிறான். பஸ் புறப்படுகிறது. பிள்ளையின் பெயரைக் கத்திக்கொண்டு தாய் பின்னால் ஓடிவருகிறாள். அந்தப் பிள்ளைதான் பிறகு கடலில் போகிறது.

இரண்டு படங்களையும் ஒரே வாரத்தில் பார்த்ததால்தான் எனக்கு இது தெரிந்தது. இரண்டிலும் உயிர்தப்புவதற்கு ஒரு மகளை இரவல் வாங்குகிறார்கள். ஆனால் இளையாளுக்குப் பின்னால் ஓடிவர எவருமில்லை. ஓதியார் அந்தத் தாயை முன்கூட்டியே சாகடித்துவிட்டார். ஆகவே அங்கே பொய் என்பது வெறும் கடதாசிப் பொய். காலப்போக்கில் அது அன்பாகக் கனிந்துவிடலாம், கனியவும் செய்கிறது. வீக்ஸின் படத்தில் அந்தப் பொய்க்கு விலை கொடுத்தவள் தெருவில் நிற்கிறாள். அவளை மறக்க வேண்டுமென்றால் சுவர்த்தாளை மாற்ற வேண்டும், உடுப்பை மாற்ற வேண்டும், முள்ளுக்கரண்டி பழக வேண்டும்.

இதைச் சொல்ல வீக்ஸுக்குப் பேய் தேவைப்பட்டிருக்கிறது. யதார்த்தவாதப் படமொன்றில் அந்தக் கணவன் சுவரைச் சுத்தியலால் உடைத்தால் நாம் அதை மனநோய் என்று எழுதிக் கோவையை மூடிவிடுவோம். பேய்ப்படத்தில் சுவருக்குள் உண்மையிலேயே ஆள் இருக்கிறார்.

மட்டமான வடிவம் என்று சொல்லும் நண்பர்களுக்குப் பாஸ்பிண்டரை நினைவூட்டலாம். அவர் பார்த்துப் பழகியது டக்ளஸ் சேர்க்கின் ஹொலிவூட் கண்ணீர்ப் படங்களை. அதிலொன்றின் கதையை எடுத்து (சேர்க்கின் 1955 ஆம் ஆண்டுப் படம்), பணக்கார விதவையைத் துப்புரவுத் தொழிலாளியான கிழவியாகவும் தோட்டக்காரனை மொரோக்கோத் தொழிலாளியாகவும் மாற்றினார். அலியை மணந்ததற்காக எம்மியை வேலைத்தலத்தில் ஒதுக்குகிறார்கள். படிக்கட்டில் தனியே இருந்து சாப்பிடுகிறாள். சில காலத்துக்குப் பிறகு யூகோஸ்லாவியாவிலிருந்து ஒருத்தி புதிதாக வேலைக்கு வருகிறாள். இப்போது அதே படிக்கட்டில் அவள் தனியே இருக்கிறாள், ஒதுக்குபவர்களோடு எம்மியும் சேர்ந்து நிற்கிறாள். எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் சிரியாப் பெடியன்கள் வந்து சேர்ந்த முதல் மாதம், அவர்களுடைய மேசையை விட்டு முதலில் எழும்பியவர்கள் தமிழர்கள். நானும் எழும்பினேன். கோப்பியை எடுத்துக்கொண்டு போவதுபோல எழும்பினேன்.

அந்தப் படத்தின் முடிவில் அலி வயிற்றுப் புண் வெடித்து விழுகிறான். வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் இது அடிக்கடி காண்பது, வெட்டி எடுத்தாலும் ஆறு மாதத்தில் திரும்ப வரும் என்கிறார் வைத்தியர். மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் மீதியைப் பார்த்தேன். அதுவும் ஒருவகையில் பேய்ப்படம்தான். பேய் வயிற்றுக்குள் இருக்கிறது.

என்னுடைய புண்ணுக்கு ஒரு பெயருண்டு. அதை எழுதாமல் இந்த விமர்சனம் நேர்மையாகாது.

2007 இல் எனது மாணவன் ஒருவனை இரவு வீட்டில் வைத்துக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. தாய் என்னுடைய விறாந்தையில் வந்து இருந்தாள். “சேர், அவன் ஒழுங்கான பிள்ளை எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ, காட்டிப் பாப்பம்” என்றாள். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தை மட்டும் விளங்காத மாதிரி வைத்தேன். அடுத்த வருடம் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். இரண்டு தொலைபேசி அழைப்புகளும் வாசலில் இரண்டு நாள் நின்ற மோட்டார் சைக்கிளும்தான் என்னுடைய காரணம். எனக்கு அது போதும். ‘கேஸுக்குக் காணாது’ என்றார்கள் எனக்கு முன் வந்தவர்கள். விசாரணையில் அந்தப் பையன் என்னுடைய தம்பியானான். அவன் பெயர், அவன் வயது, அவன் சேட்டின் நிறம், எல்லாம் உண்மை. உறவு மட்டும் பொய். சொல்லும்போது அழுதேன். அழுகையும் உண்மை. மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் வார்த்துத் தந்தார். தஞ்சம் கிடைத்தது.

இப்படியெல்லாம் எழுதலாமா, எங்களைப் பொய்யர்கள் என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு வாய்ப்பாகிவிடாதா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு தொலைபேசி அழைப்புகள் ஒரு மனிதனைக் கொல்லும் என்பதை நம்ப மறுத்து, அதைவிடப் பெரிய பிணமொன்றைக் கேட்டது அந்த மேசை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆனால் மேசையைத் திட்டி முடித்த பிறகும் அந்தத் தாய் விறாந்தையில் இருக்கிறாள். பனியையும் கோப்பை கழுவுவதையும் எல்லை கடந்ததையும் நாம் வேண்டுமளவு எழுதிவிட்டோம். கேஸில் யாரை எழுதினோம் என்பதைப் பற்றி நான் மிகக் குறைவாகவே வாசித்திருக்கிறேன்.

வீக்ஸின் படத்தில் குறைகள் உண்டு. திடீர்ச் சத்தத்தால் தூக்கிவாரிப் போடும் மலிவான வேலை பல இடங்களில் நடக்கிறது. அபெத் சுவருக்குள் இருக்கும்வரை பயமாயிருந்தது. முழு உருவத்தில் வெளியே வந்ததும் றப்பர் பொம்மை. அதைவிடப் பெரிய குறை, கடைசியில் ரியால் அதைக் கத்தியால் வெட்டிக் கொல்வது. இது கடன் என்று அவ்வளவு நேரமும் சொல்லிவிட்டு, கடன்காரனைக் கொன்று கணக்கை முடிப்பது என்ன நியாயம்? தீபனின் படிக்கட்டிலிருந்து அது அவ்வளவு தூரமில்லை.

ஆனால் வீக்ஸ் அங்கே நிறுத்தவில்லை. அலுவலர்கள் வந்து பார்க்கிறார்கள். சுவர் பூசப்பட்டிருக்கிறது, வீடு ஒழுங்காயிருக்கிறது. பேய்கள் போகமாட்டா, கூடவே இருக்கும், அவற்றை உள்ளே விட்ட பிறகுதான் தன்னைத் தானே பார்க்க முடிந்தது என்று கணவன் சொல்கிறான். கமெரா விலகும்போது அந்தச் சின்ன அறை முழுக்க ஆட்கள் நிற்கிறார்கள். கடலில் போனவர்கள், அந்தச் சிறுமி, எல்லோரும். பயமுறுத்த அல்ல, சும்மா நிற்கிறார்கள். புகலிட வீடொன்றின் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை இவ்வளவு சரியாகக் கணக்கெடுத்த காட்சியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

படம் முடிந்தபோது மகள் அறையிலிருந்து வந்து “பயந்திட்டியளோ அப்பா?” என்று கேட்டாள். அந்தப் பெடியனின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். மனைவி குசினிக்குள் நின்று திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். மகளுக்குத் தெரிந்தது, பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தபோது பழைய கோவையில் வாசித்தது மட்டும்தான்.

“ஓம், சித்தப்பா” என்றாள் அவள், ஒரு சந்தேகமுமில்லாமல். “அவற்றை படம் ஒண்டும் எங்களிட்டை இல்லையோ?”