சைக்கிள் பயணக் கட்டுரைகளில் காற்று ஏன் அடிப்பதில்லை?

போன வாரம் அண்ணன் மகன் போன் பண்ணினான். "சித்தப்பா, உங்க நாகர்கோவில் கட்டுரையைப் படிச்சேன். அடுத்த மாசம் நானும் ஃப்ரெண்டும் அதே ரோட்டுல போகலாம்னு இருக்கோம். திருநெல்வேலியில கிளம்பினா ஒரே நாள்ல போயிடலாம்ல?"

அடுத்த மாசம் ஆடி. பதில் சொல்லாமல், "அப்புறம் கூப்பிடறேன்டா" என்று வைத்துவிட்டு அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்தேன். சூரிய உதயம் இருக்கிறது. நாங்குநேரி டீக்கடை இருக்கிறது. முப்பந்தல் காற்றாலைகள் வெள்ளை வெளேரென்று சுற்றுகின்றன. அவை எதனால் சுற்றுகின்றன என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. இத்தனைக்கும் நான் போனதும் ஓர் ஆடி மாதம்தான்.

எனவே இது ஒரு விமர்சனம். முதலில் என் கட்டுரை மீது, அப்புறம் இந்த வகை எழுத்தின் மீதே.

நம்மவர்கள் எழுதும் நெடுந்தூர சைக்கிள் கட்டுரைகளில் ஒரு வாய்பாடு உண்டு. விடியற்காலைக் கிளம்பல், ஒரு பஞ்சர், காசு வாங்க மறுக்கும் டீக்கடைக்காரர், ஒரு பெரிய ஏற்றம், கடைசியில் ஊர்ப் பெயர்ப்பலகை முன்னால் போட்டோ. இதில் ஏற்றம்தான் வில்லன். ஏற்றத்தைச் செயலி மீட்டர் கணக்கில் சொல்லிவிடுகிறது, படத்திலும் தெரிகிறது. காற்று எதிலும் விழுவதில்லை. நாள் முழுக்க எதிர்காற்றில் மிதித்தவனின் கணக்கிலும் 'சமதளம், சராசரி வேகம் குறைவு' என்றுதான் வரும். 'காத்து ஜாஸ்தி' என்று எழுதினால் சாக்கு சொல்வது போலவும் இருக்கும். அதனால் விட்டுவிடுகிறோம். நானும் விட்டேன்.

ஆனால் உடம்புக்கு ஏற்றத்தைவிடக் காற்றுதான் கொடுமை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அசையாத காற்றில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் அதே வேகத்தில் போக நினைத்தால் நான்கு மடங்கு எதிர்ப்பைத் தள்ள வேண்டும். ஏறியதற்கு இறக்கமாவது கிடைக்கும். காற்று அப்படித் திருப்பித் தருவதில்லை. போகும்போது 30 கிலோமீட்டரை 10 வேகத்திலும், திரும்பும்போது 30 வேகத்திலும் கடந்தால் மொத்தம் 4 மணி நேரம். காற்றில்லாத நாளில் 20 வேகத்தில் போய்வர 3 மணி நேரம்தான்.

இது களைப்பு சம்பந்தப்பட்டது. நெடுஞ்சாலையில் உயிர் சம்பந்தப்பட்டது வேறு.

திருநெல்வேலியிலிருந்து காவல்கிணறு வரை தேசிய நெடுஞ்சாலை 44 ஏறக்குறைய தெற்கே போகிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் காற்று மேற்கிலிருந்து, அதாவது நம் வலது கைப் பக்கமிருந்து வரும். அதற்கு ஈடுகொடுக்க, நம்மை அறியாமலே வண்டியோடு வலது பக்கம் சாய்ந்திருப்போம். நம் ஊரில் லாரி முந்துவதும் வலது பக்கம்தான். பக்கத்தில் வந்ததும் லாரி காற்றை மறைத்துவிடும். சாய்ந்து நின்ற சுவரைச் சட்டென்று எடுத்த மாதிரி. வண்டி தானாக லாரியை நோக்கிப் போகும். லாரி தாண்டிய மறுநொடி முழுக்காற்றும் திரும்ப வந்து இடது பக்கம், மண்ணுக்குத் தள்ளும். வடக்கே போகிறவருக்குக் கணக்கு வேறு: காற்று இடப்பக்கமிருந்து வந்து அவரை நேராக வாகனங்கள் பக்கமே தள்ளும்.

சாலை ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே போனால் போதும் என்பார்கள். அங்கேதான் நிறுத்திவைத்த லாரியும், ராங் சைடில் வரும் பைக்கும் இருக்கின்றன. அவற்றைச் சுற்ற உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.

பணகுடியில் டீக்கடைக்காரர் சொன்னார்: "அண்ணாச்சி, இந்தக் காத்துலயா சைக்கிள்ல போறிய? வெயில் ஏற ஏற காத்தும் ஏறும், பாத்துக்கிடுங்க." நான் சிரித்தேன். ஊரைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில், முந்திய ஒரு டாரஸ் லாரியின் பின்சக்கரம் என் கைப்பிடிக்கு ஒரு முழம் தள்ளி ஓடியது. இறங்கி, கை நடுக்கம் நிற்கும்வரை ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கட்டுரையில் அந்த மரம் இருக்கிறது. 'நிழலில் சற்று இளைப்பாறினேன்' என்று எழுதியிருக்கிறேன்.

இந்த இடத்தில் டெர்வ்லா மர்ஃபியை நினைத்துக்கொள்கிறேன். அயர்லாந்துக்காரர். 1963 ஜனவரியில் சைக்கிளில் புறப்பட்டு டெல்லி வரை வந்தவர். 1965இல் வெளிவந்த அவரது 'ஃபுல் டில்ட்' புத்தகத்தைப் படித்தவர்கள் முதலில் சொல்வது, ஓநாய்களைத் துப்பாக்கியால் சுட்ட கதையைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வழியில் எழுதிய நாட்குறிப்பிலிருந்து வந்த புத்தகம் அது. லாரியில் ஏறியதையும் பஸ்ஸில் போனதையும் அவர் மறைக்கவில்லை. ஆப்கானிஸ்தானில் பஸ்ஸுக்குள் துப்பாக்கிக் கட்டை இடித்து விலா எலும்பு முறிந்ததும் அதில் இருக்கிறது. அதனால் சாதனை குறைந்ததாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் அவர் வந்த ஆசியச் சாலைகளில் இன்றைய லாரி நெரிசல் கிடையாது. பக்கக்காற்றும் கனரக வாகனமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் புத்தகத்திலிருந்து கற்க முடியாது. அதை இந்தச் சாலைகளில் ஓட்டுகிற நாம்தான் எழுத வேண்டும். நாமோ புளியமர நிழலை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு டீக்கடைக்காரர் சொன்னதையும் லாரிச் சக்கரத்தையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டவன், "அப்போ காவல்கிணத்துக்கு அப்புறம் எப்படிப் போனீங்க சித்தப்பா? அங்க காத்து நேரா மூஞ்சில அடிக்குமே" என்றான்.

சரியான கேள்வி. அங்கே நாகர்கோவில் சாலை மேற்கே திரும்பி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் போகிறது. மலைகளுக்கு இடையில் நெருக்கிக்கொண்டு வருவதால் காற்று அங்கே வேகமெடுக்கிறது. நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று அங்கே இருப்பதற்குக் காரணமே அதுதான். கடைசி கியரில் மிதித்தும் எனக்கு 7 கிலோமீட்டர் வேகம்தான் வந்தது. முப்பந்தலில் ஒரு குட்டியானையை நிறுத்திச் சைக்கிளை ஏற்றிவிட்டேன். தோவாளையில் இறங்கி, மீதியை மிதித்து, நாகர்கோவிலில் போட்டோ எடுத்துக்கொண்டேன். 'மாலையில் நாகர்கோவில் சேர்ந்தேன்' என்ற வரியில் பொய் இல்லை. ஆனால் அதை நம்பித்தான் ஒரு பையன் ஆடி மாதத்தில் கிளம்ப இருந்தான்.

"சரி சித்தப்பா, தை மாசம் போறோம். நீங்களும் வாங்க" என்றான். வருகிறேன் என்றிருக்கிறேன்.

பழைய கட்டுரையை நீக்கவில்லை. மேலே இதைச் சேர்த்திருக்கிறேன்: திருநெல்வேலி முதல் முப்பந்தல் வரை சைக்கிள், பணகுடி தாண்டி லாரிப் பக்கம் இழுத்துப் போய்த் தப்பித்தது ஒருமுறை. முப்பந்தல் முதல் தோவாளை வரை குட்டியானை. மீதி சைக்கிள். காற்று: காலை முதல் பணகுடி தாண்டும்வரை வலப்பக்கம், காவல்கிணற்றுக்குப் பிறகு நேர் எதிர்.