மாய மாடங்களும் மெய்ம்மாடங்களும்

அழிந்தொழிந்த கட்டடங்களைக் கணிப்பொறியின் துணைகொண்டு மீட்டும் எழுப்பித் தொலைக்காட்சியிற் காட்டும் கலை இந்நாளிற் பெரிதும் வளர்ந்துள்ளது. காண்போருட் பலர் அவற்றை மெய்யென்றே கொள்ளுதலின், அக்கலையின் குணமும் குற்றமும் ஒருங்கே ஆராயத்தக்கன.

ஈண்டு ஆராயப்படுவது, அமெரிக்க நாட்டில் 2010 முதல் 2014 வரை ஒளிபரப்பாகிய 'போர்டுவாக் எம்பையர்' என்னும் தொடர் நாடகம். மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த 1920-ஆம் ஆண்டில், நியூ ஜெர்சி மாகாணத்துக் கடற்கரைப் பட்டினமாகிய அட்லாண்டிக் நகரில் அதன் கதை தொடங்குகின்றது. அந்நகர்க்குப் புகழ் தந்த மரப்பலகை நடைபாதை 1870-இல் முதன்முதல் அமைக்கப்பெற்றது. அதன் மருங்கே நின்ற பெருவிடுதிகள் பல பின்னாளில் இடிக்கப்பட்டன. ஆகவே நாடகக் குழுவினர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஏறத்தாழ 300 அடி நீளமுள்ள நடைபாதையையும் கடைமுகப்புக்களையும் சமைத்தனர். சரக்குப் பெட்டகங்களை அடுக்கி நீலத்திரை அமைத்தனர். நீலம் நின்ற இடமெல்லாம் கடலும் வானும் மேன்மாடங்களும் கணிப்பொறியால் நிரப்பப்பட்டன.

மெய்யும் மாயமும் கூடும் எல்லை கட்புலனாகாமையே இப்பணியின் தலையாய சிறப்பு. நடிகர் மிதிக்கும் பலகை மெய்யாதலின், அவர்தம் நடையும் நிழலும் இயல்பாக அமைந்தன. முதற்பகுதியின் காட்சிப் புனைவிற்கு 2011-இல் எம்மி விருது அளிக்கப்பெற்றமை தகுதியேயாம்.

இனிக் குற்றம் கூறுதும். கதைத்தலைவன் வாழும் விடுதி 'ரிட்ஸ் கார்ல்டன்' எனப்படுகின்றது. அவ்விடுதி திறக்கப்பட்டதோ 1921-இல். 1920-இல் அதன்கண் ஒருவன் குடியிருந்தான் என்றல் பொருந்தாது. அன்றியும், திரையில் அப்பெயர்க்கு உரியதாகக் காட்டப்படும் உருவம் பிளென்ஹைம் விடுதியை ஒட்டியது. 1906-இல் திறக்கப்பட்ட பிளென்ஹைம், இரும்புக்கம்பியிட்ட கான்கிரீட்டாற் கட்டிய பெருங்கட்டடங்களுள் முற்பட்டவற்றில் ஒன்று, குவிமாடத்தாற் புகழ்பெற்றது, 1978-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ரிட்ஸ் கார்ல்டனோ குடியிருப்பாக மாறி இன்றும் நிற்கின்றது. நிற்பதன் பெயரை அழிந்ததன் உருவிற்கு இட்டமையால், நிற்பதன் உருவும் அழிந்ததன் பெயரும் ஒருங்கே மறைக்கப்பட்டன.

அற்றேல், நாடகம் வரலாறன்றே, அழகு நோக்கி மாற்றுதல் புனைவோர்க்கு உரிமையன்றோவெனின், அவ்வுரிமை மறுக்கப்படுவதன்று. நக்கி ஜான்சன் என்னும் மெய்ம்மனிதரை ஒட்டிய தலைவனுக்கு நக்கி தாம்சன் எனப் பெயர் மாற்றி, இது புனைவென்பதை நாடகத்தார் குறிப்பித்தனர். மனிதர்க்குக் காட்டிய அந்நேர்மையைக் கட்டடத்திற்குக் காட்டாமையே குற்றம். விடுதிக்கும் ஒரு புனைபெயர் இட்டிருப்பின் வழுவின்றி முடிந்திருக்கும்.

இது சிறுவழுவெனத் தள்ளற்பாலதன்று. தகர்ந்த மாடத்திற்குத் தன்பொருட்டு வழக்குரைக்கும் வாயில்லை. பழைய புகைப்படங்களும் அஞ்சலட்டைகளுமே அதன் சான்று. அவற்றைத் தேடிக் காண்போர் சிலர். தொடரைக் காண்போர் மிகப்பலர். திறமையற்ற ஓவியத்தின் பிழையைக் கண்டோர் ஐயுறுவர்; திறமை மிக்க மாயத்தின் பிழையை ஐயுறுவாரிலர். ஆதலின் திறமை வளருந்தோறும் பொறுப்பும் வளர்தல் வேண்டும்.

புகைப்படத்தாற் கண்டு அமைத்தது இது, அளவும் வழக்கும்கொண்டு கருதி அமைத்தது இது, வெறும் கற்பனை இது என்னும் பாகுபாட்டைத் தொடரின் இறுதியில் சில வரிகளில் அறிவித்தல் அரிதன்று. அதனாற் கலையின் இன்பம் குன்றாது. காண்போர் அறிவும் மயங்காது.