வெள்ளோட்டமும் சுவைஞரும்

கணினி விளையாட்டைக் கலைவடிவமாகக் கொண்டு மதிப்பிடும் விமர்சனம் தமிழில் இன்னும் வேரூன்றவில்லை. இந்நிலையில், முற்றுப்பெறாத விளையாட்டொன்றின் முதற்பகுதியை உலாவியிலேயே இயங்கும் வெள்ளோட்டமாக்கி, முகநூல், ரெடிற் முதலிய சமூக ஊடகங்களில் இடும் வழக்கம் தனியே நோக்கற்பாலது. தரவிறக்கமும் நிறுவலும் வேண்டாமையால், யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவரின் ஆக்கத்தை ரொறன்ரோவிலுள்ளவர் அக்கணமே ஆடிப்பார்க்கலாம். இவ்வசதி சிறிதன்று. ஆயின் அது ஆக்கத்தின் உருவத்தை யாது செய்கின்றது என்பதே வினா.

விரல் நகருமுன் ஆடுபவரைப் பிடித்து நிறுத்தவேண்டியிருத்தலின், முதல் அரை நிமிடமே ஆக்கம் முழுவதையும் ஆளத் தொடங்குகின்றது. மெல்ல விரியும் கதை ஒதுங்க, வெடிப்பும் வேகமும் முன்வருகின்றன. விருப்பக்குறிகளின் தொகை திறனாய்வின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. பாசையூரிலும் குருநகரிலும் கூத்துப் பழகியபோதும் ஊரார் அரங்கேற்றத்துக்கு முன்னரே ஆட்டத்தைப் பார்த்தனர். ஆனால் அவர்கள் பாட்டும் மெட்டும் அறிந்தவர்கள், பிழைத்த இடத்தை அண்ணாவியாரிடமே சொல்லவல்லவர்கள். வழிப்போக்கரின் கைதட்டல் வேறு.

இதனினும் பாரதூரமானது மொழிப் பிரச்சினை. விளையாட்டுப் பொறிகள் எழுத்துக்களைத் தாமே வரைகின்றன. தமிழ் எழுத்தின் சேர்க்கை முறையை அறியாத பொறியில் ‘கொடி’ என்று எழுதினால், கொம்பு ககரத்துக்கு முன் வராது பின்னே விழும். கோடொட் பொறியின் நான்காம் பதிப்பு 2023 இல் இக்குறையைத் தீர்த்தது. யூனிற்றியைக் கையாண்டோர் நெடுங்காலம் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றியோ, சொற்களைப் படமாக வரைந்தோ சமாளிக்க வேண்டியிருந்தது. இத்தொல்லைக்கு அஞ்சுவோர் ஆங்கிலத்தைத் தேர்வர். உலகச் சந்தை என்னும் நியாயமும் துணைக்கு வரும்.

அந்நியாயம் அத்துணை வலிதன்று. ரொறன்ரோவில் உருவாகி 2023 இல் வெளியான ‘வெண்பா’, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் சமையலையும், மகனிடம் தேயும் தாய்மொழியையுமே பொருளாகக் கொண்டது. உரையாடல் ஆங்கிலமாயினும் தமிழ் அங்கு அலங்காரமன்று, கதையின் முடிச்சே அதுதான். 2024 இல் அறிமுக விளையாட்டுக்கான பாப்டா விருது அதற்கே கிடைத்தது.

ஊடகத்தை நம்பிய ஆக்கத்தின் ஆயுளும் சிந்திக்கத்தக்கது. 2009 இல் முகநூலில் தோன்றிக் கோடிக்கணக்கானோர் ஆடிய ‘பாம்வில்’, அது சார்ந்திருந்த பிளாஷ் தொழில்நுட்பம் கைவிடப்பட்டபோது 2020 டிசம்பர் 31 உடன் மறைந்தது. பெருநிறுவனத்தின் கதியே இதுவெனில், மாணவரின் சிற்றாக்கம் எம்மாத்திரம்! ஈழத்து அச்சுப் பிரசுரங்களை ‘நூலகம்’ எண்ணிமப்படுத்திப் பேணுகின்றது. வெள்ளோட்டம் அவ்வாறு எஞ்சவேண்டுமாயின், அதன் மூலக்கோப்பையும், ஆடியோர் சுட்டிய பிழைகளையும் ஆக்கியோரே சேர்த்துவைத்துக் கையளித்தல் வேண்டும்.