மெக்கானிக் டிக்-டிக்

மனித உலகுக்கும் எல்ஃப் உலகுக்கும் எல்லையில் இருக்கும் கற்பனை ஊரான பார்டர்டவுனுக்கு ஓடிவந்தவர்களில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால், வில் ஷெட்டர்லியின் ஓநாய்ப் பையனைச் சொல்பவர்கள் உண்டு. அண்ணனைத் தேடி வந்து சாபம் வாங்கிக்கொண்டவன் மேல் பாசம் வருவது இயல்புதான். எம்மா புல்லின் 'ஃபைண்டர்' (1994) படித்தவர்களோ டிக்-டிக்கைவிட்டு நகர மாட்டார்கள்.

டெரி விண்ட்லிங் 1986இல் இந்த ஊரை எழுத்தாளர்களுக்குத் திறந்துவிட்டபோதே அங்கே இயந்திரத்தையும் நம்ப முடியாது, மந்திரத்தையும் நம்ப முடியாது. பைக் ஓட மந்திரப்பெட்டி வேண்டும். அதுவும் எப்போது காலை வாரும் என்று தெரியாது. அப்படிப்பட்ட ஊரில் டிக்-டிக் என்ற எல்ஃப் பெண் மெக்கானிக்காக இருக்கிறாள். அவள் நண்பன் ஓரியன்ட் மனிதன். தொலைந்த பொருள் எந்தத் திசையில் கிடக்கிறது என்று அவனுக்குத் தானாகத் தெரியும். மந்திரம் மனிதனிடம், ஸ்பேனர் எல்ஃபிடம்! எல்லை என்பதை இவ்வளவு சிக்கனமாக வேறு யாரும் எழுதவில்லை. இருவருக்கும் நடுவே காதலைப் புகுத்தாமல் நட்பாகவே விட்டது இன்னும் பெரிய காரியம். எல்ஃப்களை மட்டும் கொல்லும் நோய் பரவி அவளும் படுத்துவிடும்போது, எம்மா புல் வாசகருக்கு எந்தச் சலுகையும் தருவதில்லை.

மந்திரம் நகரத் தெருவுக்கு வரும் இவ்வகைக் கதைகளில் ஹாலி பிளாக்கின் 'வேலியன்ட்'தான் (2005) உச்சம் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. நியூயார்க் சுரங்க ரயில் பாதையில் ஒண்டும் வால் என்ற பெண், மன்ஹாட்டன் பாலத்துக்குள் வாழும் ட்ரோல் ராவஸ், மாய உயிர்கள் நகரத்து இரும்பைத் தாங்க அவன் காய்ச்சும் மருந்து, அதையே போதையாக்கிக்கொள்ளும் பிள்ளைகள்: எல்லாமே பசியும் அழுக்குமாக நிஜம். ஆனாலும் அது ஒருத்தியின் கதை. பார்டர்டவுன் ஓர் ஊரின் கதை.

இப்போது வரும் இவ்வகைக் கதைகளில் அந்தப் பசி இல்லை. ஓடிவந்த பிள்ளை இன்றிரவு எங்கே படுப்பாள் என்ற கேள்வி மறைந்து, எந்த இளவரசன், எந்த மகுடம் என்பதே கதையாகிவிட்டது. ஹாலி பிளாக்கே 'தி க்ரூயல் பிரின்ஸ்' (2018) நாவலில் அரசவைக்குள் போய்விட்டார். எழுத்தின் கூர்மை குறையவில்லை, தெருதான் காணாமல்போனது.

இத்தனைக்கும் எலன் குஷ்னரோடு சேர்ந்து 'வெல்கம் டு பார்டர்டவுன்' (2011) தொகுத்தவர் அவர். முந்தைய தொகுப்பு வந்தது 1998இல். அந்த இடைவெளியையே கதையாக்கினார்கள்: வெளியுலகில் 13 ஆண்டுகள், ஊருக்குள் 13 நாட்கள். காத்திருந்த வாசகர்களுக்கு நரை விழத் தொடங்கியிருந்தது. பார்டர்டவுனின் சோஹோ பகுதியில் இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.