மானம் என்ற பெயரில் வரும் மதம்

2013 டிசம்பர் 11 அன்று தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் மறுபடி உயிர்கொடுத்தது. அதை வேண்டி வழக்காடியவர்கள் யார்? ஒரு ஜோதிடர், அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், கிறிஸ்தவ அமைப்புகள், நம்மூர் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம். வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள் தன்பாலீர்ப்பாளரை எதிர்ப்பதில் ஒரே அணியில் நின்றார்கள். 2018இல் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. வெறுப்பு அப்படியே இருக்கிறது.

கல்வியால் இதை மாற்ற முடியுமா? கஜுராஹோ சிற்பங்களைக் காட்டி, 'நம் மரபில் இல்லாததா' என்று வாதாடுவோர் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எதிரே நிற்பவர் அதே மரபிலிருந்து மனுஸ்மிருதியை எடுத்து நீட்டுவார். சிற்பமே இல்லாத மதத்தில் பிறந்த பிள்ளைக்கு எதைக் காட்டுவது?

2021இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இதைவிடத் தெளிவாக வழிகாட்டுகிறது. ஒருவரையொருவர் நேசித்து, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டார்கள். பெற்றோரையும் அவர்களையும் உளவியலாளரிடம் அனுப்பினார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். இந்த விஷயத்தில் தமக்கே முழுத் தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தாமும் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதன் பிறகே ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு எழுதினார். பெற்றோரோ, மகள் இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிடக் கடைசிவரை துறவு போலத் தனித்திருப்பதே கௌரவம் என்றார்கள். யாரும் வேத வசனம் சொல்லவில்லை. ஊர் என்ன பேசும், வம்சம் என்னாகும் என்பதே கவலை. வீட்டுக்குள் மதம் பெரும்பாலும் மானம் என்ற பெயரில்தான் பேசுகிறது. அதற்கு வசனத்தால் பதில் சொல்லிப் பயனில்லை.

அந்த மானத்துக்கு அறிவியல் முத்திரை குத்திக் கொடுத்தது நம் மருத்துவக் கல்வி. பெண்ணும் பெண்ணும் கொள்ளும் உறவை இயற்கைக்கு மாறான குற்றமாகவே எம்.பி.பி.எஸ். மாணவர்கள் படித்தார்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகு பாடம் திருத்தப்பட்டது. 'குணப்படுத்தும்' சிகிச்சை தருவது 2022இல் மருத்துவரின் தொழில் ஒழுங்கீனமாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் 2024 ஆகஸ்ட் இறுதியில் வெளியான பாடத்திட்டத்தில் பழைய வரிகள் திரும்ப வந்துவிட்டன. கண்டனம் எழுந்ததும் சில நாட்களில் அதை விலக்கிக்கொண்டார்கள். பால் அடையாளத்தில் மாறுபட்ட பிள்ளைகளுக்காக ஆசிரியர்களுக்கென என்.சி.இ.ஆர்.டி. 2021இல் வெளியிட்ட கையேடும் எதிர்ப்பு வந்தவுடன் இணையதளத்திலிருந்து மறைந்தது.

பிள்ளையை எங்கள் நம்பிக்கைப்படி வளர்க்க உரிமையில்லையா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. உரிமை உண்டு. வீட்டில் எந்த வேதத்தையும் சொல்லித்தரலாம். ஆனால் அதே வகுப்பில் தன்பாலீர்ப்புள்ள பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. அதை நோயாளி என்றோ குற்றவாளி என்றோ பள்ளி சொல்லவேண்டுமென்று கேட்க எந்தப் பெற்றோருக்கும் உரிமையில்லை.

கல்வியால் மாற்ற முடியும் என்பதே என் முடிவு. பிள்ளைகளின் பாடநூலில் ஓர் அத்தியாயம் சேர்த்தால் மட்டும் போதாது. அந்த நீதிபதி கற்றதுபோல முதலில் ஆசிரியர்கள் கற்க வேண்டும். தமிழக அரசு பி.எட். பயிற்சியில் இதைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும். எதிர்ப்புக் குரல் எழுந்தாலும் பின்வாங்கக் கூடாது.