மெல்லோட்டத்தின் ருசி

சென்னையின் தென்புறநகரில், சிட்லபாக்கம் ஏரிக்கரையில் விடிகாலை ஐந்தரை மணிக்கு நின்றால், ஓடுகிறவர்களை முகம் பார்க்காமலே இனம் பிரித்துவிடலாம். காலடிச் சத்தமே போதும். புதிதாக ஓட வந்த இளைஞரின் கால் தொம் தொம்மென்று விழும். குதிகால் முதலில் இறங்கி, உடம்பின் பாரம் முழுவதையும் தரையில் இறக்கிவிட்டுப் போகும். களைத்துப் போனவரின் ஷூ தரையைச் சரக்கென்று தேய்க்கும். இவர்களுக்கு நடுவில் ஒருவர் வருவார், எழுபதை நெருங்கும் வயது. கை வைத்த பனியன், வெளுத்த டிராக் பேன்ட். அவர் நம்மைக் கடந்து இரண்டு அடி போன பிறகுதான் வந்ததே தெரியும்.

அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். முழங்கைகள் விலாவை ஒட்டியே அசைகின்றன. தோள் காதை நோக்கி ஏறவில்லை. விரல்கள் மடங்கியிருக்கின்றன, ஆனால் இறுகவில்லை. எட்டு சிறியது; அதனால் பாதம் உடம்புக்கு நேர் கீழே இறங்குகிறது, முன்னால் நீண்டு போய் அடிபடுவதில்லை. உதடு பிரிந்து, தாடை தளர்ந்து, பக்கத்தில் வருகிறவரிடம் பேரன் பள்ளிக்கூட விவகாரத்தைச் சொல்லிக்கொண்டே போகிறார். வேகம் என்று பார்த்தால் விறுவிறுவென நடப்பவரைவிடக் கொஞ்சம்தான் கூட. ஜனவரியில் அவரை எல்லோரும் முந்திக்கொண்டு போவார்கள். ஏப்ரல் பிறந்தால் முந்துவதற்கு ஆள் இருக்காது. அவர் மட்டும் வந்துகொண்டிருப்பார்.

உற்சாகம் வடியாமல் எப்படி ஓடுவது என்று கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில்கள் நமக்குத் தெரிந்தவைதான். ஒரு ரேஸுக்குப் பணம் கட்டிவிடு, கூட ஓட ஆள் சேர்த்துக்கொள், ஸ்ட்ராவா செயலியில் தினம் பதிவு போடு. இவை ஒன்றும் தவறில்லை. ஒரு சீசன் தாங்கும். ஆனால் வருஷக் கணக்கில் ஓடுகிறவர்களைக் கவனித்ததில் எனக்குப் பட்டது வேறு. அவர்கள் ஓட்டத்தை ரசிக்கக் கற்றுக்கொண்டவர்கள். டிசம்பர் இசை சீசனில் சபா சபாவாக ஏறி இறங்கும் ரசிகர், முப்பது வருஷமாகக் கேட்ட அதே தோடி ராகத்தைப் பாடகர் இன்றைக்கு எப்படி எடுக்கிறார் என்று கேட்கத்தான் போகிறார். அவரை யாரும் உற்சாகப்படுத்தி அனுப்ப வேண்டியதில்லை. அந்த மாதிரியான காது ஓடுகிறவருக்கும் வாய்க்கும். அது தன் மூச்சைக் கேட்கும் காது.

நம் ஊரில் அந்தக் காது இல்லாமல் தப்பிக்க முடியாது. அதற்குக் காரணம் கடல். மே மாதத்தில் தாம்பரத்தில் விடியற்காலையில்கூட வெப்பம் 28 டிகிரிக்கு அருகில் நிற்கும். பாலைவன ஊர்க்காரருக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் இங்கே காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. வியர்வை தோலில் வழிவதால் உடம்பு குளிர்வதில்லை. அது ஆவியாகிப் பறந்தால்தான் குளிரும். காற்றே ஈரமாயிருக்கும்போது வியர்வை பறக்க இடமில்லாமல் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து வீணாகிறது. சூட்டைத் தணிக்க இதயம் தோலுக்கு ரத்தத்தை அனுப்ப வேண்டும், ஓடுகிற காலுக்கும் அனுப்ப வேண்டும். டிசம்பரில் அலுங்காமல் ஓடிய அதே வேகத்துக்கு மே மாதத்தில் நெஞ்சு படபடவென்று அடிப்பது இதனால்தான்.

இங்கேதான் பெரும்பாலானோர் கைவிடுகிறார்கள். கையில் கட்டிய கடிகாரம், போன மாதத்தைவிடக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம் கூடிவிட்டது என்று காட்டுகிறது. உடம்பு கெட்டுவிட்டது, வயசாகிவிட்டது, நமக்கு இது சரிப்பட்டு வராது என்று மனசு கணக்குப் போடுகிறது. கடிகாரத்துக்கு ஈரப்பதம் தெரியாது. மூச்சுக்குத் தெரியும்.

வியர்வையைப் பற்றிப் பேசும்போது பல்லாவரத்தை விட்டுவிடக் கூடாது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தக் கல்லைச் செதுக்கியவர்கள் எப்படி ஓடியிருப்பார்கள் என்று யோசிக்கும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2004-ல் பிராம்பிள், லீபர்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு வாதத்தை வைத்தார்கள்: மனித உடம்பின் கட்டமைப்பே நெடுந்தூரம் ஓடுவதற்கேற்ப உருவானது என்று. சுருள்வில்லாய் இயங்கும் குதிகால் தசைநாண், ஓடும்போது உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் பிட்டத் தசை, மயிர் குறைந்து வியர்வைச் சுரப்பி மலிந்த தோல் என்று அடுக்கினார்கள். இந்தக் கருத்தை ஏற்காத அறிஞர்களும் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது. பல்லாவரம் ரேடியல் ரோட்டிலிருந்து திரும்பி, திரிசூலம் மலையின் கருங்கல்லை ஓரமாகப் பார்த்தபடி வியர்த்து ஓடும்போது, இந்தத் திறமை இந்த மண்ணில் இன்று நேற்று வந்ததில்லை என்று தோன்றும்.

மெல்ல ஓடுவதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர், செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல்லும் மர்ரே ஹால்பெர்க்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் ஆளுக்கொரு தங்கம் வாங்கினார்கள். ஸ்னெல் ஓடியது 800 மீட்டர்தான்; அதற்கே வாரம் 100 மைல் ஓடவைத்து அடித்தளம் போட்டவர் லிடியார்ட். அதே மனிதர் ஆக்லாந்தில் தொந்தி விழுந்த நடுத்தர வயதுக்காரர்களையும், மாரடைப்பு கண்டவர்களையும் கூட்டிக்கொண்டு மெல்ல ஓடினார். 1962-ல் அவரைப் பார்க்கப் போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அந்தக் கூட்டத்தோடு ஓடிப் பார்த்து மூச்சு வாங்கிப் பின்தங்கிவிட்டார். கூடவே நின்று அவரிடம் பேச்சுக் கொடுத்து அழைத்து வந்தவர் எழுபதைத் தாண்டியவர், மாரடைப்பிலிருந்து மீண்டவர். பவர்மேன் ஊர் திரும்பி ஜாகிங்கைப் பரப்பினார், அதற்கென்று புத்தகமும் எழுதினார். பின்னாளில் நைக்கி ஆன நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் அவர்.

ஜப்பானில் ஃபுகுவோகா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோவாகி தனாகா இதை இன்னும் எளிதாக்கினார். சிரித்த முகம் மாறாமல் எந்த வேகத்தில் ஓட முடியுமோ அதுதான் உன் வேகம் என்றார். ஏரிக்கரைப் பெரியவர் தனாகாவைப் படித்திருக்க மாட்டார். பேரனைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓடுவதால் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். முழு வாக்கியம் ஒன்றை மூச்சிரைக்காமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை காற்றை விழுங்க வேண்டியிருந்தால் குறைக்க வேண்டும். தனியாக ஓடுகிறவர் போன வாரம் நடந்த ஏதாவது ஒன்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். அந்த நேரத்தில் கேட்கவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்படி ஓடும்போது உள்ளே நடப்பது ஏராளம். தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுகின்றன. நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் மாதக் கணக்கில்தான் உறுதிப்படும். புதியவர் இரண்டாம் மூன்றாம் மாதத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இந்த இடைவெளியில்தான். மூச்சு ‘போ’ என்கிறது, கால் தயாராக இல்லை. பொறுத்துப் போகிறவருக்கு அந்த மாதங்கள் வலியில்லாமல் கடந்துவிடும்.

வேகத்தை விட்டுவிட்டால் ஊர் கண்ணில் படத் தொடங்குகிறது. தென்புறநகர் ஓடுவதற்கென்று கட்டிய ஊர் இல்லைதான். நடைபாதை இருபது அடிக்கு ஒருமுறை முடிந்துபோகும். டிரான்ஸ்ஃபார்மர், கடைப்பலகை, தோண்டி மூடாத பள்ளம். ஆனால் ஏரிகள் இருக்கின்றன. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிப் போகலாம். சிட்லபாக்கம் ஏரியில் 2019 வறட்சியில் ஊர்க்காரர்களே இறங்கிக் குப்பை அள்ளினார்கள். இன்று அதன் கரையில் ஓடுகிறவர் அந்த உழைப்பின் மேல்தான் ஓடுகிறார்.

தரையையும் கால் ரசிக்கும். பேவர் பிளாக் கல் கடினம். ஒவ்வொரு அடியும் கெண்டைக்காலுக்கு ஏறும். தார் அதைவிட மிருது. ஏரிக்கரையின் மிதிபட்ட செம்மண் எல்லாவற்றையும்விட இதம். முதல் மழைக்கு மறுநாள் அது அழுத்தமாகவும் வழுக்காமலும் இருக்கும் இரண்டு மணி நேரத்தை அனுபவித்தவர் அதற்காகவே அலாரம் வைப்பார். ஏற்றம் வேண்டுமானால் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் போகும் வெளிவட்டச் சாலை இருக்கிறது. லாரிகள் பறக்கும் பிரதான சாலையை விட்டு சர்வீஸ் ரோட்டில் ஓடுவது நல்லது.

கிழக்குத் தாம்பரத்தில் வேளச்சேரி சாலையோடு ஓடும்போது ஓரிடத்தில் முகத்தில் சில்லென்று காற்று படும். கிறித்தவக் கல்லூரியின் மதில் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே வந்த கல்லூரி அது, 365 ஏக்கர். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்தப் புதர்க்காட்டின் செடிகொடிகளை ஆராய்ந்து, மரங்களை நட்டு வளர்த்தார்கள். அவர்கள் நட்ட நிழல் இன்று சாலைவரை நீள்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் அந்த மதில் எங்கே முடிகிறது என்று தோல் சொல்லிவிடும். கடிகாரம் வேகத்தையும் தூரத்தையும் எழுதிக்கொள்கிறது, இந்தக் குளிர்ச்சியை எழுதுவதில்லை.

மார்கழியில் ஓட்டத்தின் நடையே மாறும். சந்துகளில் வாசல் தெளித்து, சாலைப் பாதிவரை கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகி வைத்திருப்பார்கள். ஓடுகிறவர் இருட்டில் அதை மிதிக்காமல் போக வேண்டும். முதலில் நின்று சுற்றிப் போவோம். நாளாக நாளாகக் கால் தானே கற்றுக்கொள்ளும்: கோலத்துக்கு நாலு எட்டு முன்னாலேயே அடி சுருங்கும், உடம்பு லேசாகச் சாயும், பாதம் கோலத்தின் விளிம்பை ஒட்டிப் போய் மறுபடி நடுவுக்கு வரும். கோலப்பொடிக் கிண்ணத்தோடு குனிந்திருக்கும் அம்மா தலை நிமிராமலே, “பாத்துப் போப்பா” என்பார். தெருநாய்களுக்கும் இதே நிதானம்தான் மருந்து. ஓட்டத்தை நடையாக்கிவிட்டால் பெரும்பாலும் அவற்றுக்கு நம்மேல் உள்ள அக்கறை போய்விடும்.

பெண்கள் இந்த நேரத்தில் ஓடுவது இன்னும் சுலபமாகவில்லை. சுடிதாருக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு இரண்டு பேர், மூன்று பேராக ஏரிக்கரைக்கு வருகிறவர்களைப் பார்க்கிறேன். வெளிச்சமில்லாத திருப்பங்களை அவர்கள் தவிர்த்துச் சுற்றை மாற்றிக்கொள்கிறார்கள். கரையில் விளக்கு எரிந்தால் அவர்கள் எண்ணிக்கை கூடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரேஸ்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்த நகரத்தை ஓடவைத்ததில் 2006-ல் தொடங்கிய ‘சென்னை ரன்னர்ஸ்’ குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்காகவே பலர் ஆவணி, புரட்டாசியில் ஷூவைத் தேடி எடுக்கிறார்கள். சாலை விபத்தில் காலில் அடிபட்ட பிறகு ஓட வந்து, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்த அரசியல்வாதி மா. சுப்பிரமணியனைப் பார்த்து ஓட வந்தவர்களும் இங்கே நிறைய. ஆனால் மெடல் வாங்கிய மறுவாரமே ஏரிக்கரையில் ஆள் குறையத் தொடங்குகிறது. அடுத்த தேதி மாதக் கணக்கில் தள்ளி இருக்கிறது. தேதிக்காக ஓடியவருக்கு நாளைக் காலையில் போக ஒரு காரணம் இல்லை.

அதனால் எப்போது தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் மார்கழியைச் சொல்வதில்லை. ஏப்ரல் கடைசியில், கத்திரி வெயிலுக்கு ஒரு வாரம் முன்னால் தொடங்கச் சொல்கிறேன். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும்; முதல் வாரம் இருபது நிமிஷம், பாதி நடை, பாதி ஓட்டம். முன்னும் பின்னும் தண்ணீர். உப்பு போட்ட மோர் இருந்தால் ரொம்ப நல்லது. தலை சுற்றினாலோ உடம்பு சில்லிட்டாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, நெஞ்சுக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகுதான் வர வேண்டும். பத்துப் பதினாலு நாளில் உடம்பு வெக்கைக்குப் பழகும்: வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பு குறையும், படபடப்பு அடங்கும். அந்த மாதங்களில் எந்தக் கடிகாரமும் நல்ல சேதி சொல்லாது என்பதால் மூச்சைக் கேட்பதைத் தவிர வேறு வழியிருக்காது. ஐப்பசி மழை விட்டு முதல் குளிர்க்காற்று வரும் காலையில், அதே மூச்சோடு, அதே சிரித்த முகத்தோடு ஓடும்போது கால் தானாகவே முன்னைவிட வேகமாகப் போகும். அது எந்த வேகம் என்று பார்க்க அன்றைக்கு வேண்டுமானால் கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளலாம்.